இவருக்குப் பதில் இவர்

பரவாயில்லை அக்கா, திட்டுங்கள். எனக்காக நிறுத்த வேண்டாம். "மூஞ்சியப் பாரு, ஒண்ணுமே தெரியாதவ மாதிரி" என்று போனில் ஓடும் தொடரைப் பார்த்து நீங்கள் சொன்னது என் காதில் விழுந்தது. ரயிலில் உங்கள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், விழாமல் என்ன செய்யும். அந்தப் பெண்ணை எழுதியது நான்தான்.

நடிக்கவில்லை, எழுதினேன். ஆமாம், 'சந்தனக் கிண்ணம்' தொடரில்தான் வேலை. டைட்டிலில் என் பெயர்கூட வரும். உடை, ஒப்பனை, ஜெனரேட்டர், சாப்பாடு எல்லாம் போன பிறகு 'எழுத்து உதவி' என்று ஒரு வரி. அதற்குள் விளம்பரம் வந்துவிடும்.

நான் இப்படி முன்பின் தெரியாதவர்களிடம் பேசுகிற ஆள் இல்லை. ஷேர் ஆட்டோவில் 'நிறுத்துங்கள்' என்று சொல்லக் கூச்சப்பட்டு, வேறு யாராவது இறங்கும் இடம்வரை போய், திரும்பி நடந்து வருகிறவள். இன்றைக்குப் பேசுகிறேன் என்றால் காரணம் இருக்கிறது. அந்தப் பெண் இன்றுதான் முதல்முதலாகத் தொடரில் வருகிறாள். திண்டுக்கல்லில் என் அம்மாவும் சித்தியும் ஒரே சோபாவில் உட்கார்ந்து அதைப் பார்த்திருப்பார்கள். ஆறு வருஷம் பேசாமல் இருந்தவர்கள். நாளைக்கு அந்த வீட்டில் சித்தி மகள் தர்ஷினிக்கு வளைகாப்பு, நானும் அதற்குத்தான் போகிறேன். பார்த்துவிட்டு மறுபடியும் முறைத்துக்கொள்வார்களோ என்று போனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் போன் வரவில்லை. வரும்வரை யாரிடமாவது பேசிக்கொண்டிருக்க வேண்டும் போல இருக்கிறது. நீங்கள் திருச்சிதானே? அப்படியென்றால் நேரம் இருக்கிறது.

தொடரை நீங்கள் எப்போதிருந்து பார்க்கிறீர்கள்? பாயசத்தில் விஷம் கலந்ததிலிருந்தா? எல்லோரும் அதையேதான் சொல்கிறார்கள். ஆனால் அதற்கு முன்னாலும் கதை இருந்தது. அந்த விஷம் எங்கிருந்து வந்தது தெரியுமா? எங்கள் சித்தி வீட்டு கிரகப்பிரவேசத்திலிருந்து.

ஐயோ, எங்கள் வீட்டில் யாரும் விஷம் வைக்கவில்லை. நடந்தது ரொம்பச் சின்ன விஷயம். சித்தி திண்டுக்கல்லில் வீடு கட்டினார். அம்மா மதுரையிலிருந்து முன்கூட்டியே போய், மாவிலை கட்டி, கோலம் போட்டு, காய் நறுக்கி, எல்லா வேலையும் செய்தார். விசேஷத்தன்று அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள். அம்மா குங்குமத் தட்டோடு அவர்கள் நடுவில் நின்றுகொண்டிருந்தார். சித்தி வாசலுக்கு வந்து, கையைக் கூப்பி, "எல்லாரும் இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று சொன்னார்.

அவ்வளவுதான். புரிகிறதா? உங்களுக்குப் புரியும். உங்கள் முகத்திலேயே தெரிகிறது. கூடப் பிறந்தவளைப் பார்த்து 'சாப்பிட்டுட்டுப் போ' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 'சாம்பார் வாளிய எடு', 'இலைக்குத் தண்ணி தெளி' என்றுதான் சொல்வார்கள். சாப்பிட்டுவிட்டுப் போவது விருந்தாளி. அம்மா குங்குமத் தட்டைக் கீழே வைத்தார், பையை எடுத்தார், சாப்பிடாமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டார்.

சித்தி பக்கமும் நியாயம் இருக்கிறது. கிரகப்பிரவேசத்தன்று சொந்த அக்கா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வாசலைத் தாண்டிப் போனால் மாமியார் வீட்டில் என்ன சொல்வார்கள்? சொன்னார்கள். இன்றைக்கும் அந்த வீட்டில் மோட்டார் ரிப்பேர் ஆனால்கூட அதைத்தான் சொல்கிறார்களாம்.

நான் மாடிப்படி ஓரத்தில் நின்றிருந்தேன். எனக்கு எல்லாம் தெரிந்தது. சித்தி பார்த்தது அம்மாவை இல்லை, அம்மாவுக்குப் பின்னால் நின்ற எதிர்வீட்டு டீச்சரை. ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை. கேட்காமல் போய்ச் சொல்வது எனக்கு வராது.

கேட்டால் சொல்வேன். அதன்பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு இல்லையா, இரண்டு பேரும் என்னிடம்தான் கேட்பார்கள். "உன் சித்தி என்ன சொல்றா?" "உங்கம்மா என்ன சொல்றா?" நான் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். அவர் சொன்னதை இவரிடம், இவர் சொன்னதை அவரிடம், வார்த்தை மாறாமல் சொல்வேன். நடுநிலையாக இருக்க வேண்டும் இல்லையா.

நான் எம்.ஏ. முடித்துவிட்டு ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்தும் வேலைக்காகத்தான் சென்னை வந்தேன். அந்த வேலை கிடைக்கவில்லை. ஹாஸ்டல் தோழி ஒருத்தி இந்தத் தொடரின் கதை இலாகாவுக்கு அனுப்பிவைத்தாள். கதை இலாகா என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். சாலிகிராமத்தில் ஒரு வாடகை ஃப்ளாட்டின் படுக்கையறை. நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, தலைமை எழுத்தாளருக்கு ஒரு சுழல் நாற்காலி. நான் கதவோரம் உட்காருவேன். யார் உள்ளே வந்தாலும் கதவு என் முட்டியில் இடிக்கும். நகர்ந்து உட்காரலாம். ஆனால் நகர்ந்தால் எல்லோரும் பார்ப்பார்களே.

அப்போது தலைமை எழுத்தாளர் அருளானந்தம் சார். தோளில் துண்டு இருக்கும். காட்சியைச் சொல்லும்போது முதலில் அவர் அழுவார். அவருக்கு அழுகை வந்தால் காட்சி ஓகே, வராவிட்டால் ரத்து. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவருக்கு அழுகை வராது, அதனால் முக்கியமான டிஸ்கஷன் எல்லாம் காலையிலேயே நடக்கும். கௌசல்யா அக்கா, மாதங்கி தங்கை, ஒரே ஊரில் இரண்டு வீடு. அவர்களுக்குள் சண்டை வர வேண்டும். என்ன சண்டை என்று தெரியவில்லை. சேர்ந்ததிலிருந்து வாயே திறக்காத என்னைப் பார்த்து, "ஏம்மா, உங்க வீட்ல ஏதாச்சும் நடந்திருக்கும்ல? கனமா ஒண்ணு சொல்லு" என்றார்.

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். நிமிர்ந்தால், சார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்குகிறார். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது அக்கா. ஒரு ஆளை அழவைக்க முடிகிறதே நம்மால் என்று.

'சாப்பிட்டுட்டுப் போங்க' என்ற அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஆடி மாதம் முழுக்க ஓட்டினார். கௌசல்யா இலையைப் பார்ப்பாள், மாதங்கி கௌசல்யாவைப் பார்ப்பாள், மாமியார் இரண்டு பேரையும் பார்ப்பாள், வெள்ளிக்கிழமை ஆகிவிடும். நான் சொன்னது அம்மா எனக்குச் சொன்ன மாதிரி இருந்ததால் அக்காக்காரி கௌசல்யா நல்லவள் ஆகிவிட்டாள், தங்கை கெட்டவள்.

அம்மா பார்த்துவிட்டு மதுரையிலிருந்து போன் செய்தார். "எழுதுனவரு யாருடி? அவரு நல்லா இருக்கணும். அப்படியே நம்ம வீட்ல நின்னு பாத்த மாதிரி எழுதிருக்காரு. அந்தக் கௌசல்யா நாந்தான்டி."

"எப்படிம்மா அவருக்குத் தெரியும்" என்றேன்.

"ஊருக்கு ஒரு வனஜா இருக்காடி. தெரியாம என்ன." வனஜா என்பது சித்தியின் பெயர்.

பயந்துகொண்டே இருந்தேன். அன்று சாயங்காலம் சித்தியும் கூப்பிட்டார். சித்திக்கு என் மேல் பிரியம் அதிகம். நான் நினைத்தேன், தொலைந்தோம், கண்டுபிடித்துவிட்டார் என்று. சித்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "பாத்தியா பாப்பா, அந்தக் கௌசல்யாவ? வாயில்லாப் பூச்சி. எல்லாத்தையும் முழுங்கிக்கிட்டு நிக்கிறா. அப்படியே நாந்தான்" என்றார். "அந்த மாதங்கியப் பாரேன். உங்கம்மா மூக்க விடைக்கிற மாதிரியே விடைக்கிறா."

ஆமாம் சித்தி என்றேன். அதற்கு முன் அம்மாவிடமும் ஆமாம் என்றுதான் சொல்லியிருந்தேன்.

டிஆர்பி இறங்கியது. ஒரு திங்கட்கிழமை வந்து பார்த்தால் சுழல் நாற்காலியில் ரகோத்தமன் சார் உட்கார்ந்திருக்கிறார். நடிகர் மாறினால் திரையில் கார்டு போடுவார்கள், 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று. இரண்டு படமும் பக்கத்தில் பக்கத்தில் வரும். எழுதுகிறவர் மாறினால் அப்படி ஒன்றும் கிடையாது. நாற்காலியின் குஷன் மாறும். அருளானந்தம் சாரின் துண்டு கொஞ்ச நாள் ஜன்னல் கம்பியில் காய்ந்துகொண்டிருந்தது, பிறகு அதில் ஒயிட்போர்டைத் துடைக்க ஆரம்பித்தார்கள்.

ரகோத்தமன் சார் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, "நீங்க ஏன் தலைய ஆட்டறீங்க?" எனக்கு அது பழக்கம். யார் என்ன சொன்னாலும் தலை தானாக ஆடும். அருளானந்தம் சார் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வார். இவர் அதை எதிர்ப்பு என்று எடுத்துக்கொண்டார். "புரியுது, உங்களுக்கு இந்த சீன் பத்தலை. சரி, விஷம் வைப்போம்" என்றார். பாயசத்தில் விஷம் வந்தது அப்படித்தான். என் தலை நேராக இருந்திருந்தால் இந்தத் தமிழ்நாடே இன்றைக்கு நிம்மதியாகப் பாயசம் குடித்துக்கொண்டிருக்கும்.

விஷம் வைத்தது யார் என்று நினைவிருக்கிறதா? கௌசல்யா. நல்லவள். "நல்லவ விஷம் வெச்சாத்தாங்க நியூஸ்" என்று சொல்லிவிட்டார். அதுவரை கௌசல்யாவாக நடித்தவருக்குக் கண்ணை உருட்ட வரவில்லை. முயற்சி செய்தால் தூக்கம் வருகிற மாதிரி இருந்தது. அவரை எடுத்துவிட்டு, கார்டு போட்டு, வேறு ஒருவரைக் கொண்டுவந்தார்கள். வசனம் எல்லாம் நான்தான் எழுதினேன், ஆனால் அது சும்மா வசனம்தான். கதை அவருடையது. "உன் இலையில் உப்பு மட்டும் குறையாது மாதங்கி, உன் ஆயுளும் குறையும்" என்று எழுதினால், அது அவர் சொன்னதால் எழுதியது. எனக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

அம்மா என்ன செய்தார் தெரியுமா? ஒரே வாரம். அந்த வாரக் கடைசியில் போன் செய்து, "அந்தக் கௌசல்யா ஆரம்பத்துலேர்ந்தே சரியில்லடி. நான் அப்பவே சொன்னேன்" என்றார்.

"நீதானேம்மா கௌசல்யா?"

"நான் எதுக்குடி கௌசல்யா. நான் மாதங்கி. வாயத் தொறக்காம அந்தப் பாயசத்தக் குடிச்சா பாரு, அங்க நின்னேன் நான்."

சித்தியும் மாறிவிட்டார், அதே வாரம். அவரும் மாதங்கி. இரண்டு பேரும் ஒரே நாளில் கட்சி மாறினார்கள். ஒருவருக்கொருவர் பேச்சு கிடையாது, ஆனால் ஒன்றாக மாறினார்கள். எந்த எழுத்தாளர் வந்தாலும், யாரை நல்லவளாக்கினாலும், எங்கள் வீட்டில் இரண்டு பேரும் அவள்தான். கெட்டவள் எப்போதும் அடுத்த ஊரில் இருந்தாள். இதில் கஷ்டம் என்னவென்றால், விஷம் வந்த பிறகு இரண்டு பேருக்கும் கோபம் கூடிவிட்டது. முன்னே, 'வனஜா அப்படிப் பேசிட்டா' என்று சொன்ன அம்மா, இப்போது 'வனஜா விஷம்டி' என்று சொல்ல ஆரம்பித்தார். சித்தி கேட்டார், உங்கம்மா என்னைப் பத்தி என்ன சொல்றா என்று. நான் கூட்டிக் குறைக்க மாட்டேன் என்று சொன்னேனே. சொன்னேன்.

அப்புறம் மாதங்கி மாடிப்படியில் விழுந்தாள், நினைவு போனது, ஒரு நாகம் வந்தது, நினைவு திரும்பியது. திடீரென்று ரகோத்தமன் சாரை வேறு சேனல் கூட்டிக்கொண்டு போய்விட்டது. நாகத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அது அவருடைய கற்பனை என்று ஒப்பந்தத்தில் இருந்ததாம்.

புது ஆள் கிடைக்கிறவரை என்ன செய்வது? தயாரிப்பு மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "நீங்கதான் ஆரம்பத்துலேர்ந்து இருக்கீங்க. கொஞ்ச நாள் ஓட்டுங்க. யாரும் சாகக் கூடாது, யாருக்கும் கல்யாணம் ஆகக் கூடாது, யாரும் கர்ப்பம் ஆகக் கூடாது. வர்றவர் வந்து பாத்துக்குவார்."

தேர்தல் அறிவித்த பிறகு இருக்கிற அரசாங்கம் மாதிரி ஒரு பதவி. ஆனால் சுழல் நாற்காலி காலி. ஒரு நாள் எல்லோரும் டீ குடிக்கப் போனபோது உட்கார்ந்து பார்த்தேன். சுற்றியது. பயந்து இறங்கிவிட்டேன்.

எனக்கு ஒரு ஆசை வந்தது அக்கா. சிரிக்காதீர்கள். தர்ஷினிக்கு வளைகாப்பு வரப்போகிறது என்று தெரியும். சித்தி அம்மாவை அழைக்க மாட்டார், அழைத்தாலும் அம்மா போக மாட்டார். நேரில் போய் இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசுகிற தைரியம் எனக்குக் கிடையாது. ஆனால் மத்தியானம் ஒன்றரை மணிக்கு இரண்டு பேரும் டிவி முன்னால்தான் இருப்பார்கள். அங்கே போய்ப் பேசலாமே என்று தோன்றியது.

எழுதினேன். இரண்டு பேர் மேலும் தப்பு உண்டு, இரண்டு பேர் பக்கமும் நியாயம் உண்டு. ஒரு எபிசோடு முழுக்க அடுப்படியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிக்கிறார்கள். இசை கிடையாது. கடைசியில் கௌசல்யா, "உன் வீட்ல நான் பரிமாறணும். என்னை எதுக்குடி உக்காரச் சொன்ன?" என்கிறாள். எழுதும்போது எனக்கே அழுகை வந்தது. அருளானந்தம் சாரின் துண்டுதான் பக்கத்தில் இருந்தது, முகமெல்லாம் மார்க்கர் மை.

படப்பிடிப்பில் கௌசல்யா நடிகை என்னைக் கூப்பிட்டு, "மேடம், இதுல நான் நல்லவளா கெட்டவளா?" என்று கேட்டார்.

"ரெண்டும்தான் மேடம்."

"அப்போ புருவத்தை எப்படி வெச்சுக்கறது?"

நான் டைரக்டரைக் கைகாட்டினேன். டைரக்டருக்கும் தெரியவில்லை. ஒரு புருவத்தைத் தூக்கி ஒன்றை இறக்கி வைத்துக்கொண்டு எடுத்தார்கள். நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெங்காயம் எபிசோடு. பார்க்கவில்லையா? பரவாயில்லை, யாருமே பார்க்கவில்லை.

இரண்டு பேர் பார்த்தார்கள். அன்று போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அம்மா அழுவார், 'வனஜாவப் பாக்கணும்டி' என்பார் என்று. அம்மா கூப்பிட்டார். "என்ன கண்றாவிடி இது. அரை மணி நேரமா வெங்காயம் உரிக்கிறாளுக. யாரு நல்லவ யாரு கெட்டவன்னே வெளங்கல. இப்ப எவன் எழுதுறான்?"

"தெரியலம்மா" என்றேன். "டீம் எழுதுது."

"டீமுக்கு வேற வேலையில்லையா" என்று வைத்துவிட்டார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அம்மாவுக்கு அடங்கவில்லை. யாரிடமாவது திட்ட வேண்டும். அப்பா தொடர் பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டில் வேறு சேனல். மறுநாளாவது சரியாகிறதா என்று பார்த்தால் அன்றைக்குப் பூண்டு. மூன்றாம் நாள் தாங்க முடியாமல் திண்டுக்கல்லுக்குப் போன் போட்டுவிட்டார். ஆறு வருஷத்தில் முதல் போன். சித்தி எடுத்தவர், யார் என்னவென்று எதுவும் கேட்காமல், "பாத்தியாக்கா அந்தக் கூத்த?" என்றாராம்.

அம்மா, "பாத்தேன்டி, பூண்ட ஒழுங்காக்கூட உரிக்கத் தெரியல அவளுக்கு" என்றாராம்.

ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார்கள். மறுநாளும். அதற்கு மறுநாளும். தொடர் முடிந்ததும் போன், எழுதுகிற ஆளை வரிக்கு வரி கிழிப்பது. 'அவன் பொண்டாட்டி அவனுக்குச் சோறு போடுறதில்ல போல, அதான் அடுப்படியவே காட்டுறான்' என்று அம்மா சொன்னாராம். அதைச் சித்தி எனக்குச் சொல்லிச் சிரிக்கிறார். நானும் சிரித்தேன். என்ன செய்வது.

நியாயமாகச் சொல்லுங்கள் அக்கா. நான் உருகி உருகி எழுதினேன், அது அவர்களைச் சேர்க்கவில்லை. அதைத் திட்டுவதற்காகச் சேர்ந்துகொண்டார்கள். ஒரே ஒரு நாள், ஒரு வசனமாவது நன்றாக இருக்கிறது என்று ஒருவர் சொல்லியிருக்கலாம். போகட்டும். சித்தி வளைகாப்புக்கு அழைத்தார். எப்படி அழைத்தார் தெரியுமா? "நீ வந்தாத்தான்க்கா அடுப்பே பத்தவைப்பேன்." அம்மா மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு திண்டுக்கல் போய்விட்டார். இப்போது அங்கேதான் இருக்கிறார், அதிகாரம் செய்துகொண்டு.

அந்த நேரம் பார்த்து ஜெரால்டு சார் வந்து சேர்ந்தார். புதுத் தலைமை எழுத்தாளர். என் வயதுதான் இருக்கும். சுழல் நாற்காலியில் சுற்றிக்கொண்டே பேசுவார், நாம் எந்தப் பக்கம் பார்த்துத் தலையாட்டுவது என்று தெரியாது. வந்ததும் கேட்டார், "இந்த வெங்காயம் பூண்டெல்லாம் யாரு எழுதினது?"

நான் மேலே மின்விசிறியைப் பார்த்தேன். மற்றவர்களும் மின்விசிறியைப் பார்த்தார்கள். நல்லவர்கள்.

"சரி விடுங்க. வில்லி இல்லாம மத்தியானம் யாருக்கும் சோறு எறங்காது. அக்கா தங்கச்சி ரெண்டு பேர்ல ஒருத்தி இந்த வாரமே கெட்டவளாகணும். யாருன்னு நீங்க சொல்லுங்க. உங்களுக்குத்தான் இவங்கள நல்லாத் தெரியும்."

கௌசல்யா என்று சொன்னால் என்ன ஆகும்? இரண்டு பேரும் மாதங்கி ஆவார்கள், கௌசல்யா எதிரில் உட்கார்ந்திருப்பாள், ஒரே சோபாவில். மாதங்கி என்றாலும் அதேதான். வளைகாப்புப் பந்தலில் வைத்து, 'நீ பாயசத்துல வெச்சவதானே' என்ற அளவுக்குப் போய்விடும். கதையை யாரும் தனியாக வைத்துப் பார்ப்பதில்லை அக்கா எங்கள் வீட்டில்.

வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு டிஸ்கஷனில் வாயைத் திறந்து, "ரெண்டு பேரும் வேண்டாம் சார். மூணாவதா ஒருத்தி" என்றேன்.

நாற்காலி நின்றது. "யாரு?"

எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. கடகடவென்று சொல்லிவிட்டேன். கௌசல்யாவுக்கு ஒரு மகள். வெளியூரில் படித்தவள், இப்போது வீட்டுக்கு வருகிறாள். அமைதியான பெண். சத்தமாகப் பேச மாட்டாள். எப்போதும் கதவோரம் உட்கார்ந்திருப்பாள். ஆனால் எல்லாவற்றையும் கவனிப்பாள். இங்கே கேட்டதை அங்கே சொல்வாள், அங்கே கேட்டதை இங்கே சொல்வாள். பொய் சொல்ல மாட்டாள், அதுதான் விஷயம். ஒரு வார்த்தை கூட்ட மாட்டாள். அதனாலேயே யாரும் அவளைச் சந்தேகப்பட மாட்டார்கள். இரண்டு வீடும் அவளால்தான் பிரிந்து கிடக்கும்.

"அவ எதுக்கு இப்படிச் செய்றா? சொத்துக்காகவா?"

"இல்ல சார். அவளுக்கு அவ செய்றதே தெரியாது. தன்னை நல்லவன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா."

ஜெரால்டு சார் நாற்காலியை என் பக்கம் உருட்டிக்கொண்டு வந்தார். பிறகு, "பயங்கரமா இருக்குங்க. எனக்கே உள்ள நடுங்குது. யாரையாச்சும் பாத்து எடுத்ததா?" என்று கேட்டார்.

"இல்ல சார். முழுக்க முழுக்கக் கற்பனை" என்றேன்.

பெருமைக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே அப்படித்தான். இதுவரை வீட்டிலிருந்து எடுத்து எடுத்துக் கொடுத்துத்தானே இவ்வளவு வினை. இந்த ஒரு தடவைதான் யாரையும் பார்க்காமல் நானாக உருவாக்கினேன். அன்று ராத்திரி ஹாஸ்டலில் எனக்கு நானே ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட்டேன்.

நடிக்க வந்த பெண்ணுக்கு அப்படி ஓரமாக உட்கார வரவில்லை. நான் உட்கார்ந்து காட்டினேன். "அப்படியே இருங்க மேடம்" என்று போனில் படம் எடுத்துக்கொண்டாள். உடைக்காரர் என் பருத்திக் குர்தாவைப் பார்த்து அதே மாதிரி நான்கு தைத்தார். தோள்பைக்குத் தனியாகச் செலவு எதற்கு என்று என் பையையே வாங்கிக்கொண்டார்கள். அதனால்தான் இந்தத் துணிக்கடைப் பையோடு வருகிறேன். கற்பனைப் பாத்திரம் அக்கா, அதற்கு உருவம் கொடுக்க ஏதாவது ஒரு மாதிரி வேண்டும் இல்லையா, அதற்காகச் செய்ததுதான் இதெல்லாம்.

ஒரு நிமிஷம். போன். அம்மா.

*

வைத்துவிட்டார்கள். அப்பாடா. இருங்கள், தண்ணீர் குடித்துக்கொள்கிறேன். சொல்கிறேன்.

சண்டை இல்லை. இரண்டு பேரும் ஒரே போனில், ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, ஆனால் குசுகுசுவென்று பேசினார்கள். எதற்குக் குசுகுசு என்று முதலில் எனக்குப் புரியவில்லை. அம்மா, "அடியே, புதுசா ஒருத்தி வந்துருக்காளே, பாத்தவுடனே ரெண்டு பேருக்கும் தூக்கிவாரிப் போட்டுச்சுடி. எங்கயோ பாத்த முகமா இருக்கேன்னு யோசிச்சோம்" என்றார்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். எங்கே ஒருவரையொருவர் சொல்லிக்கொள்வார்களோ என்று.

சித்தி, "நாந்தான் பாப்பா மொதல்ல கண்டுபிடிச்சேன். உங்க இந்திராணி அத்தை" என்றார்.

இந்திராணி அத்தை அப்பாவின் தங்கை. மணப்பாறையில் இருக்கிறார். வளைகாப்புக்கு அவரும் வந்திருக்கிறார், பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாராம். அதனால்தான் அந்தக் குசுகுசு. "உக்கார்ற உக்காரலப் பாரு, அச்சு அவதான்" என்று அம்மா. "நம்ம ரெண்டு பேரையும் பிரிச்சதே அவளா இருக்கும்க்கா, இப்பத்தான் எனக்கு உறைக்குது" என்று சித்தி. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி குரல் அவ்வளவு நெருக்கமாக இருந்தது.

பாவம் அத்தை, அவர் யாரைப் பற்றியும் ஒன்றும் சொல்கிறவர் இல்லை. சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அம்மா, "இந்தா, அவளே வர்றா, உங்கிட்டப் பேசணுமாம்" என்று போனைக் கொடுத்துவிட்டார். அத்தை போனை வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய், இன்னும் மெதுவாகச் சொன்னார், "பாத்தேன்டி கண்ணு. அந்தப் பொண்ணு அச்சு அசல் உங்கம்மா. யார்ட்டயும் சொல்லிடாத."

சொல்ல மாட்டேன் என்றேன். கேட்டால் தவிர.

ஆக, வளைகாப்பு நன்றாக நடக்கும். அது போதும் எனக்கு. அத்தை விஷயத்தை வளைகாப்பு முடிந்த பிறகு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். ஜெரால்டு சாரிடம் சொல்ல வேண்டும், மூன்று வீட்டில் மூன்று பேர் அடையாளம் கண்டுகொண்டார்கள் என்று. என் கற்பனை அவ்வளவு தத்ரூபமாக இருக்கிறது பாருங்கள்.

நீங்கள் என்ன சொன்னீர்கள்? உங்களுக்கும் அப்படித்தான் தோன்றியதா? உங்கள் நாத்தனாரா? அதே மாதிரியா? ஓரமாக உட்கார்ந்துகொண்டு... அப்படியா. அவர் திருச்சியில்தான் இருக்கிறாரா, இப்போது அவர் வீட்டுக்குத்தான் போகிறீர்களா?

ஏன் நிறுத்திவிட்டீர்கள்? சொல்லுங்கள் அக்கா. இப்போதுதான் விருத்தாசலம் தாண்டுகிறது. உங்கள் மாமியாரிடம் அவர் என்னதான் போய்ச் சொன்னார்? சும்மா சொல்லுங்கள். நான் யாரிடம் போய்ச் சொல்லப் போகிறேன்.